அந்தக் கல்லில் இன்னும் நான்கு வரி வேண்டும்: எங்கள் ஊராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊராட்சி மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சாலையை அகலப்படுத்துவதால் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும், கார்கில் போரில் இறந்த என் சிநேகிதனின் நினைவுக்கல்லை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரில் புதுக் கல் வைக்கப் போகிறீர்கள். நல்ல காரியம். பழைய கல்லில் பெயிண்ட் உதிர்ந்து பாதி எழுத்து போய்விட்டது. புதுக் கல்லில் வெட்டப் போகும் வாசகத்தை அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தீர்கள், நின்று படித்தேன். அவன் பெயரும் இறந்த தேதியும் ஒரு வரி. திறந்து வைப்பவர், முன்னிலை வகிப்பவர், நன்கொடை தந்தவர்கள் எட்டு வரி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இப்போது தமிழாசிரியர். 1996-இல் ராணுவ ஆளெடுப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் தயாரானோம். விடியற்காலை நாலு மணிக்குப் பாலாற்று மணலில் ஓடுவோம். மணலில் ஓடிப் பழகியவனுக்குத் தரையில் ஓடுவது ஒன்றுமில்லை என்பான். முதல் தடவை மார்பளவில் கொஞ்சம் குறைந்தது என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஆறு மாதம் தினமும் ஊறவைத்த கொள்ளு, தண்டால். இரண்டாம் தடவை அவன் தேறினான், நான் தேறவில்லை. பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள் அல்லவா, அங்கிருந்து வந்த ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் அவன் தோளைத் தட்டி, 'ஆர்மியில் முதலில் காலைக் காப்பாத்திக்கோ, மற்றது தானா வரும்' என்றார். அதை அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

லீவு முடிந்து போகும்போது காட்பாடியில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட நாங்கள் நாலைந்து பேர் போவோம். கறுப்பு டிரங்குப்பெட்டி, அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும். கையில் ஒரு சாக்குப்பை, அதில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். மூன்று நாள் ரயிலில் அது வாடிப் போகும் என்று சொன்னால் கேட்க மாட்டான். 'வாடினாலும் நம்ம ஊர்க் காய்' என்பான். அங்கே பீகார்க்காரர்களும் பஞ்சாபிகளும் அதில் வைத்த குழம்புக்குத் தட்டை நீட்டியதாக இன்லண்ட் லெட்டரில் எழுதியிருந்தான்.

1999 ஜூனில் கார்கில் பக்கம் திராஸ் மலையில் உயிரை விட்டான். வயது 22. அதற்கு முந்தைய போர்களில் பெரும்பாலும் தந்திதான் வரும். கார்கில் போரில்தான் ஊர் ஊராக உடல்கள் வந்தன. நம் ஊருக்கும் வந்தது. கொடி போர்த்திய பெட்டி, துப்பாக்கி முழக்கம் எல்லாம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நாலு மாதம் கழித்து அவனுடைய யூனிட்டிலிருந்து திருநெல்வேலிக்காரர் ஒரு ஹவில்தார் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று பெரியம்மாவுக்கு, அதாவது அவன் அம்மாவுக்கு, மெதுவாகச் சொன்னார். செங்குத்தான பாறை, இருட்டு, மேலேயிருந்து குண்டு. இவன் மறைவான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். குண்டடி பட்ட கூட்டாளி கீழே முனகுகிற சத்தம் கேட்டுத் திரும்பி இறங்கினான். அவனை இழுத்துவந்து பாறை மறைவில் சேர்த்த பிறகுதான் இவனுக்குப் பட்டது. அந்தக் கூட்டாளி பிழைத்துக்கொண்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: 'அங்க ரொம்பக் குளிராமே, கால்ல சாக்ஸ் போட்டிருந்தானா?' ஹவில்தார் தலையைக் குனிந்துகொண்டு, 'ரெண்டு ஜோடி போட்டிருந்தான்மா' என்றார். நான் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் பொறித்திருக்கிறது. அந்த 14 பேர் யார், எந்தத் தெரு, எப்படி இறந்தார்கள்? கல்லைக் கேட்டால் சொல்லாது.

இதே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த செங்கம் பக்கம் எடுத்தனூரில் இன்னொரு கல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏறக்குறைய 1,400 வருஷம். எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த நடுகல் அது. அவன் பெயர் இருக்கிறது, எதற்காகச் செத்தான் என்று இருக்கிறது. கூடவே நின்று கள்ளனைக் கடித்துக் காவல் காத்த அவன் நாய்க்கும் சிற்பம் இருக்கிறது, அதன் பெயர் கோவிவன் என்றும் வெட்டியிருக்கிறார்கள். கல் நட்டவர்கள் தங்களைப் பற்றி எட்டு வரி எழுதிக்கொள்ளவில்லை. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் நடுவதற்கே ஆறு நிலை சொல்கிறது. வருஷா வருஷம் இதை வகுப்பில் நடத்துகிற எனக்கு, என் சிநேகிதன் கல்லில் இப்படி ஒரு வாசகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு அவன் பெயரும் இருக்கிறது. தேசத்துக்கு அது போதும், அத்தனை பேரில் ஒவ்வொருவரைப் பற்றியும் அங்கே எழுத முடியாது. ஆனால் அவன் மணலில் ஓடியதும் கத்திரிக்காய் சுமந்ததும் நமக்குத்தானே தெரியும்? நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

ஆகவே கேட்கிறேன். திறப்பாளர், நன்கொடையாளர் பெயர்களைக் கல்லின் பின்பக்கம் வெட்டுங்கள், நன்கொடையில் என் பங்கும் இருக்கிறது, என் பெயரே வேண்டாம். முன்பக்கம் இப்படி வரட்டும்:

'இவ்வூரில் பிறந்தான். பாலாற்று மணலில் ஓடிப் பழகினான். ஊர்க் கத்திரிக்காயைக் காஷ்மீர் வரை சுமந்து போனான். கார்கில் போரில் அடிபட்ட கூட்டாளியைக் காப்பாற்றத் திரும்பிப் போய், காப்பாற்றி, 22 வயதில் இறந்தான்.'

எழுத்து கூடுதலாக வெட்டுவதற்கு ஆகும் செலவை எங்கள் பத்தாம் வகுப்புக் கூட்டாளிகள் ஏற்றுக்கொள்கிறோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதை வைத்து, ஊர் சம்மதம் கேளுங்கள். சொல் மாற்ற வேண்டுமென்றால் மாற்றுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

கடைசியாக ஒன்று. கல்லை உயரமான மேடையில் ஏற்றிவிடாதீர்கள். பெரியம்மாவுக்கு முட்டிவலி, படி ஏற மாட்டார். கண்ணில் புரை எடுத்த பிறகும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார். எழுத்து பெரிதாக, ஆழமாக, நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவனோடு ஓடியவன்