பவுலா டீனுக்காக வெண்ணெய்த் தாள் அனுப்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நேயர்களே,

அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையல் நட்சத்திரம் பவுலா டீனின் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டபோது கொதித்தெழுந்த உங்களுக்கு இத்தனை ஆண்டு கழித்து எழுதக் காரணம் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் 1996இல் அவர் திறந்த 'தி லேடி அண்ட் சன்ஸ்' உணவகம் 2025 ஜூலை 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. அடுத்த சில வாரங்களில் டொரோண்டோ திரைப்பட விழாவில் அவரைப் பற்றிய ஆவணப்படமும் திரைக்கு வந்தது. உடனே பழைய பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. அவருக்கு நடந்தது நியாயமா, அநியாயமா? 2013இலும் இதைத்தான் கேட்டோம். அன்று கேட்காமல் விட்ட ஒன்றை இன்றும் கேட்காமலே விட்டுவிடுவோமோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதால் உங்களில் பெரும்பாலோர் இதைப் படிக்கப்போவதில்லை. ஆனால் உங்கள் கூட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள். கணவரின் வேலைக்காக அமெரிக்கா வந்து, தாங்கள் வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் பகலெல்லாம் வீட்டில் தனித்திருந்த பெண்கள் பலர், இந்த ஊர்ச் சமையலைக் கற்றது ஃபுட் நெட்வொர்க் என்ற சமையல் சேனலைப் பார்த்துத்தான். சோள ரொட்டியும் பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனியும் அப்படித்தான் நம் வீடுகளுக்குள் வந்தன. அந்தத் தொலைக்காட்சியில் அளவு கருவியும் அலட்டலும் இல்லாமல், சிரித்துக்கொண்டே கைநிறைய வெண்ணெயை அள்ளிப் போட்ட பவுலா டீன், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அத்தையைப் போல இருந்தார். அவர் மேல் உங்களுக்கு இருந்த பாசத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். எனக்கும் அந்தப் பாசம் இருந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீனும் அவருடைய தம்பியும் சேர்ந்து நடத்திய கடலுணவு விடுதியின் முன்னாள் மேலாளர் ஒருவர், 2012இல் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். பாலியல் தொல்லை, இனப் பாகுபாடு ஆகியவை குற்றச்சாட்டுகள். 2013 மே மாதம் டீன் சத்தியப் பிரமாணம் செய்து வாக்குமூலம் அளித்தார். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது உண்டா என்று வழக்கறிஞர் கேட்க, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். 1980களில் வங்கியில் வேலை பார்த்தபோது தலையில் துப்பாக்கி வைத்துக் கொள்ளையடித்தவனைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொன்னதாக விளக்கினார். வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கழுத்துப்பட்டையும் அணிந்த கறுப்பின ஆண்கள் பரிமாற, அடிமைமுறை இருந்த அந்தக் காலத்துத் தோட்ட மாளிகை பாணியில் ஒரு திருமண விருந்து நடத்த நினைத்தது பற்றியும் அதே வாக்குமூலத்தில் பேச்சு வந்தது.

ஜூன் மாதம் வாக்குமூலம் வெளியானது. ஜூன் 21 அன்று ஃபுட் நெட்வொர்க் ஒற்றை வரியில் அறிவித்தது: மாத இறுதியில் முடியும் டீனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை. 2002இல் தொடங்கிய தொடர்பு அவ்வளவோடு முடிந்தது. காரணத்தைக்கூட அவர்கள் சொல்லவில்லை. அதன்பின் ஸ்மித்ஃபீல்டு, சீசர்ஸ், வால்மார்ட், டார்கெட், நோவோ நார்டிஸ்க் என்று வணிக நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

அப்போது நீங்கள் எழுந்தீர்கள். அது சாதாரண எழுச்சி இல்லை. ஃபுட் நெட்வொர்க்கின் ஃபேஸ்புக் பக்கம் உங்கள் கோபத்தால் நிரம்பி வழிந்தது. இனி அந்தச் சேனலையே பார்க்கமாட்டோம் என்று எழுதினீர்கள். சவானா உணவகத்தின் வாசலில், ஜூன் மாத வெயிலில், வெகுதூரம் கார் ஓட்டி வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். அவரைக் கைவிட்ட நிறுவனங்களுக்கு வெண்ணெய் சுற்றிய காலித் தாள்களை அஞ்சலில் அனுப்பும் இயக்கம் பிறந்தது. ஒரு குடும்பம் சமைத்து முடித்து, வெண்ணெய்ப் பிசுக்கு போகாத அந்தத் தாளை மடித்து, உறையில் இட்டு, தபால்தலை ஒட்டி அனுப்புகிறது. ஒருவரை நேசிக்காமல் இதைச் செய்ய முடியாது. அக்டோபரில் வெளிவரவேண்டிய அவருடைய புத்தகத்தை முன்பதிவிலேயே அமேசான் பட்டியலின் முதல் இடத்துக்குக் கொண்டுபோனீர்கள். பதிப்பகம் அதை ரத்து செய்த நாளிலும் அது முன்னணியில்தான் இருந்தது. அவரோடு செல்லும் கப்பல் பயணத்துக்கு நீங்கள் முட்டி மோதியதில் இரண்டாவது பயணம் ஒன்றையே சேர்க்க வேண்டியிருந்தது.

உங்கள் வாதங்களில் நியாயம் இருந்தது. எப்போதோ சொன்ன சொல் என்றீர்கள். பொய் சொல்லித் தப்பாமல் உண்மையை ஒப்புக்கொண்டாரே என்றீர்கள். கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டவரை மன்னிக்கக் கூடாதா என்றீர்கள். அதே ஜார்ஜியாவைச் சேர்ந்த முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அவரை மன்னிக்கலாம் என்றுதான் சொன்னார். மன்னிப்பது பெருந்தன்மை, அதற்காக உங்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிர்த்தரப்பும் அப்படியொன்றும் மேலாக நடந்துகொள்ளவில்லை. டீனின் பலகாரங்களுக்கு இனவெறிப் பெயர் சூட்டும் போட்டி ட்விட்டரில் நடந்தது. கறுப்பினத்தவர் பட்ட அவமானம் அவர்கள் கையில் கேலிக்கூத்தாகிவிட்டது.

ஆனால் இரண்டு தரப்புமே ஒரே ஒருவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு தரப்புக்கு அவர் தியாகி, மறுதரப்புக்குக் குற்றவாளி. அந்தச் சமையலறையில் அடுப்படியில் நின்று வெந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

டோரா சார்ல்ஸ் என்பவரை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சவானாவைச் சேர்ந்த கறுப்பினச் சமையற்கலைஞர். டீன் புகழ் பெறுவதற்கு முன்பே அவரோடு சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தவர். 'தி லேடி அண்ட் சன்ஸ்' திறக்கக் கைகொடுத்தவர். புதிதாக வரும் சமையல்காரர்களுக்குப் பழக்கிக் கொடுத்து, எந்தத் தட்டிலும் அதே ருசி வரும்படி பார்த்துக்கொண்டவர். டீன் அவரைத் தன் ஆன்மாவின் சகோதரி என்றே அழைத்தார். நான் பணக்காரியானால் நீயும் பணக்காரியாவாய் என்று டீன் தனக்கு வாக்குக் கொடுத்ததாக, 2013 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் டோரா கூறினார். டீன் தொலைக்காட்சி நட்சத்திரமான பிறகும் பல ஆண்டுகள் தனக்கு மணிக்குப் பத்து டாலருக்கும் குறைவான கூலியே கிடைத்தது என்றார். டீன் தரப்பு அவருடைய குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தச் செய்தியில் ஓர் இடம் என்னை விட்டுப் போக மறுக்கிறது. உணவகத்தின் முன்னால் நின்று, சாப்பிட வாருங்கள் என்று கூவி மணியடிக்கும்படி டோராவிடம் கேட்டிருக்கிறார்கள். நான் மணியடிக்கமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். தோட்டங்களில் அடிமைகளை எழுப்பவும் வேலைக்கு விரட்டவும் மணிகள் ஒலித்த மண் அது. வாசலில் காத்திருக்கும் சுற்றுலாப் பயணிக்கு அந்த ஓசை ஒரு வேடிக்கை. டோராவின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

ஓர் இழிசொல்லைப் பற்றி நாடே வாதிட்டுக்கொண்டிருந்தபோது, கூலியைப் பற்றியும் மணியைப் பற்றியும் ஒரு பெண் பேசினார். அவருக்காக யாரும் வரிசையில் நிற்கவில்லை. எந்த அலுவலகத்துக்கும் அவர் பெயரில் ஓர் உறைகூடப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

2013 ஆகஸ்டில் நீதிமன்றம் வழக்கின் இனப் பாகுபாட்டுப் பகுதியைத் தள்ளுபடி செய்தது. டீன் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகிவிட்டதாக நீங்கள் கொண்டாடினீர்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. வழக்குத் தொடுத்த மேலாளர் வெள்ளையர். கறுப்பின ஊழியர்களுக்கு இழைக்கப்பட்டதாகச் சொல்லும் பாகுபாட்டுக்காக அவர் இழப்பீடு கோர முடியாது என்பதுதான் நீதிபதியின் முடிவு. அந்தச் சமையலறையில் என்ன நடந்தது, நடக்கவில்லை என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. சில நாட்களில் எஞ்சியவற்றையும் இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொண்டன. விசாரணை நடந்திருந்தால் பேசியிருக்கக் கூடிய ஊழியர்களின் குரல் அத்தோடு போயிற்று.

வாக்குமூலம் வெளியான அதே ஜூன் மாதம் இன்னொருவரும் பேசினார். அமெரிக்கத் தென்னகத்தின் கறுப்பினச் சமையல் வரலாற்றை ஆராயும் மைக்கேல் ட்விட்டி, டீனுக்கே ஒரு திறந்த மடல் எழுதினார். அந்த ஒரு சொல்லைவிட, தென்னக உணவைப் படைத்த கறுப்பின மக்களின் பங்கு மறைக்கப்படுவதுதான் தன்னை வாட்டுகிறது என்பது அதன் சாரம். மடலின் முடிவில் டீனை விருந்துக்கு அழைத்திருந்தார். இடம், வட கரோலினாவின் ஸ்டாக்வில் தோட்டம். ஒரு காலத்தில் முப்பதாயிரம் ஏக்கரில் ஏறத்தாழ 900 பேர் அடிமைகளாக உழைத்த நிலம் அது. வாருங்கள், சேர்ந்து சமைப்போம் என்று அங்கிருந்து ஒருவர் அழைக்கிறார். அந்த வாரம் முழுக்க அமெரிக்கா பேசியதில் இதைவிடப் பண்பான பேச்சு எதுவும் என் கண்ணில் படவில்லை. விருந்து நடந்தது; டீன் போகவில்லை.

ட்விட்டி எதைச் சொல்கிறார் என்பது நெல் விளையும் மண்ணிலிருந்து வந்த நமக்கு எளிதாகப் புரிய வேண்டும். ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரங்களில் அரிசி ஒரு காலத்தில் பெரும் செல்வம் கொழிக்க வைத்தது. சதுப்பை வெட்டிக் கரை எழுப்பி, மதகு வைத்து, கடல் ஏற்றத்தில் ஆற்றுநீர் உயரும்போது வயலுக்குள் விட்டு, இறக்கத்தில் வடித்த வேலை முழுவதும் அடிமைகளின் கைவேலை. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் அவர்களில் பலர். நெல்லைப் பற்றிய அறிவும் அவர்களோடு வந்தது. வெண்டைக்காயும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அந்த வழியாகத்தான் அமெரிக்கத் தென்னகத்துக்கு வந்தன. புத்தாண்டு அன்று தட்டைப்பயறும் அரிசியும் சேர்த்து அவர்கள் சமைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டுக் கலவைச் சாதம் நினைவுக்கு வரும். இந்தச் சமையலைத்தான் பாட்டி வீட்டுச் சமையல் என்று தொலைக்காட்சி நமக்குக் காட்டியது. எந்தப் பாட்டி, யாருடைய வீட்டில், யாருக்காகச் சமைத்தாள் என்பதை மட்டும் காட்டவில்லை.

ஒற்றை வரியில் விலகிக்கொண்ட சேனல்மீது எனக்கு உங்களைவிடக் கோபம் அதிகம். அவரை நீக்கியதால் டோராவின் கூலி ஒரு சென்ட் உயரவில்லை. டீனுக்கோ மறுவாழ்வு விரைவாகவே வந்தது: 2014 தொடக்கத்தில் ஒரு முதலீட்டு நிறுவனம் குறைந்தது 7.5 கோடி டாலரை அவர் தொழிலில் போட முன்வந்தது. 2015இல் ஒரு புகழ்பெற்ற நடனப் போட்டி நிகழ்ச்சியில் தோன்றினார். வழக்குக்குக் காரணமான கடலுணவு விடுதியை 2014 ஏப்ரலில் முன்னறிவிப்பு இல்லாமல் மூடினார்கள். வழக்கம்போல் வேலைக்கு வந்த ஊழியர்களுக்குக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கணக்கு முடித்துக் காசோலை கொடுத்ததாக உள்ளூர்ச் செய்திகள் கூறின. அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உங்களிடம் எதிர்பார்ப்பது பெரிய காரியம் இல்லை. ஆவணப்படத்தைப் பாருங்கள், விவாதியுங்கள். நாளை வேறொரு சமையல் நிகழ்ச்சியை நிறுத்தினால் தாராளமாகக் கோபப்படுங்கள், சேனலுக்கு எழுதுங்கள். எழுதும்போது இரண்டு வரி கூடுதலாகச் சேருங்கள். திரையில் ஒருவர் கலக்கிக் காட்டும் உணவை, நறுக்கியது, பாதி வெந்தது, முழுதும் வெந்தது என்று ஒவ்வொரு நிலையிலும் முன்கூட்டியே தயாரித்து வைக்கும் பின்கட்டு ஊழியர்களுக்கு இனி என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். சமையல் குறிப்பு யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரைத் திரையில் போடச் சொல்லுங்கள். நேயர்கள் கேட்டால் சேனல்கள் செவிசாய்க்கும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

டோரா சார்ல்ஸ் 2015இல் தம் சமையல் குறிப்புகளைத் தம் பெயரிலேயே புத்தகமாக வெளியிட்டார். இன்னும் வாங்காதவர்கள் அதை வாங்குங்கள். வாங்கியவர்கள் அதைப் பார்த்துச் சமைத்து, யாருடைய குறிப்பு என்று சாப்பிடுகிறவர்களிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜார்ஜியாவில் வாழும் ஒரு தமிழ் நேயர்