மூடிய கைக்குள் இருக்கும் பூவா தலையா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குவாண்டம் கணினி பற்றிய உங்கள் கட்டுரையில், குவாண்டம் நிலையை, அதாவது ஒளித்துகள் போன்ற மிக நுண்ணிய பொருளின் நிலையை, சுண்டிவிட்டுக் கைக்குள் மூடிய நாணயத்தோடு ஒப்பிட்டிருந்தீர்கள். முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பல வருடம் நானும் இதே உவமையைத்தான் சொன்னேன். அது தவறு.

மூடிய கைக்குள் பூவோ தலையோ ஏற்கெனவே விழுந்தாயிற்று. நமக்குத்தான் தெரியாது. அங்கே நிகழ்தகவு நம் அறியாமையின் அளவு, அவ்வளவுதான்.

குவாண்டம் நிலை அப்படியல்ல. என்னை மாற்றியது மூன்று போலராய்டு தகடுகள்; ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற தகடுகள் அவை. இரண்டைக் குறுக்காக வைத்தால் வெளிச்சம் நின்றுவிடும். நடுவில் மூன்றாவதை 45 பாகை சாய்த்துச் செருகினால் வெளிச்சம் திரும்ப வரும்! நல்ல தகடுகளானால், விழுந்த ஒளியில் எட்டில் ஒரு பங்கு. தடுக்கிற தகட்டை இன்னொன்று சேர்த்தால் ஒளி எப்படிக் கூடும்? அலை என்று வைத்துக்கொண்டால் விடை சுலபம். ஆனால் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாக அனுப்பினாலும் இதே கணக்குதான். ஃபோட்டான் பாதியாகப் போகாது. போகும், அல்லது நிற்கும். ஒவ்வொரு தகடும் 'என் திசையில் போவாயா?' என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தகட்டைத் தாண்டிய ஃபோட்டானுக்கு அந்தத் தகட்டின் திசையில் 'ஆம்' என்பது உறுதி. சாய்ந்த தகடு கேட்கும் கேள்விக்கோ பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கு விடை வந்ததும் பழைய விடை செல்லாது.

"முதல்ல தெரிஞ்சது எங்க சார் போச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை. இயற்பியலாளர் ஆன்டன் ஸைலிங்கர் 1999இல் முன்வைத்த கருத்தைப் பின்னர் படித்தேன்: மிக எளிய குவாண்டம் அமைப்பு ஒரே ஒரு ஆம்-இல்லை அளவுக்குத்தான் தகவல் தாங்கும். புதியது ஏறினால் பழையதற்கு இடமில்லை. நான் பார்த்த விளக்கங்களில் மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

சரி, நாணயத்தைப் போல விடை முன்பே துகளுக்குள் ஒளிந்திருக்கலாமே? விடைகள் முன்பே எழுதப்பட்டிருந்து, ஓரிடத்து அளவீடு தொலைவில் இருப்பதைப் பாதிக்காது என்றால், ஒன்றாகப் பிறந்து பிரிந்த ஜோடித் துகள்களின் விடைகள் ஒத்துப்போவதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் காட்டினார். சோதனைகள் அந்த எல்லையைத் தாண்டின. ஆக, அந்த இரண்டு அனுமானங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சோதனைகளுக்காகவே அலன் அஸ்பே, ஜான் கிளௌசர், ஸைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு.

குவாண்டம் நிலையின் நிகழ்தகவு இயற்கையிலேயே இருக்கிறதா, பார்ப்பவரின் கணிப்பா என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் நாணயத்தை விட்டுவிட்டு அந்த மூன்று தகடுகளைப் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்