பாம்பன் கரைப் பெரியவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களே,

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலத்தில், ஒரு மாதம் உங்கள் தெருக்களில் களப்பணி செய்த முதுகலைச் சமூகப்பணி மாணவர்கள் ஆறு பேர் வணக்கத்துடன் எழுதுகிறோம்.

முதல் நன்றி சின்னப்பாலத்து அப்பத்தாவுக்கு. எங்கள் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில், அவரைக் கேட்காமலேயே 'இல்லை' என்று எழுதிவிட்டோம். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பல்லாண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவரும், இன்றும் விடியலில் கருவாடு காயவைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவருமான அவர், "அதை அழிச்சிட்டு எழுது தாயி" என்றார். வெட்கத்துடன் அழித்தோம், மறுநாள், எழுதி முடித்திருந்த வீடுகளுக்கெல்லாம் மீண்டும் சென்று அதே கேள்வியை முறையாகக் கேட்டோம்.

பூவரச மரத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயாக்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையைப் பெறச் சென்ற ஒருவரின் விரலைக் கருவி ஏற்கவே இல்லை. கயிறும் உப்புநீரும் ரேகையைத் தேய்த்திருந்தன. விரலைத் துடைத்துத் துடைத்து ஐந்தாம் முறையும் வைத்துப் பார்த்த அவரது பொறுமை, எங்களுக்கு அன்று இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். மற்றொருவரிடம் 'இடப்பெயர்வு உண்டா, இல்லையா' என்று கேட்டோம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி வீட்டை இழந்து, தாயின் கைபிடித்துக் கரையேறிய சிறுவன் அவர். அவர் பேசி முடிக்கும்வரை நாங்கள் எதையும் எழுதவில்லை. அந்தக் கட்டம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது, அதை எங்கள் மேற்பார்வையாளரும் நிரப்பச் சொல்லவில்லை.

ஒவ்வொரு வாசலிலும் எங்களை அறிமுகப்படுத்திய மருத்துவத் தன்னார்வலர் அக்காவுக்கும், தங்க இடமளித்த பங்குத்தந்தைக்கும், மதிய வெயிலில் பதநீர் கொடுத்த அண்ணனுக்கும் நன்றி. (சுண்ணாம்பு போதாமல் அது ஒருநாள் கள்ளாகிவிட்டதை எங்கள் அறிக்கையில் சேர்க்கவில்லை.)

உதவித்தொகை கேட்டு மூவருக்காக எழுதிய மனுக்களை அளித்துவிட்டோம். ஒப்புகைச் சீட்டுகள் தன்னார்வலர் அக்காவிடம் உள்ளன. மனுக்களின் நிலையை அறிய அடுத்த மாதம் எங்களில் இருவர் நேரில் வருகிறோம்.

பணிவுடன்,
களப்பணி மாணவர்கள்