ஆண்டறிக்கை: மாஸ்டரோட கீபோர்டுல இருந்த பாட்டையும் டோனையும் பத்திரப்படுத்தின வருஷம்

தலைவர் ஐயா, பொறுப்பாளருங்க, அண்ணன் அக்காமாருங்க, தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம். கூட்டத்துல படிக்கிற இதையே கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர்னு வேலைக்குப் போயிட்ட நம்ம புள்ளைங்களுக்கும் அனுப்புறேன், அவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

வழக்கமான வேலை எல்லாம் நல்லபடியா நடந்துச்சு. ஆடித் திருவிழாவுக்கு கோயில்ல கச்சேரி, தீபாவளிக்கு பாலாய் ராயாவுல (ஊர்ப் பொது மண்டபம்) கச்சேரி, ஞாயித்துக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைங்க வந்துக்கிட்டுதான் இருக்காங்க. போன ஆண்டுக் கூட்டம் முடிஞ்ச 60 நாளுக்குள்ள ஆர்ஓஎஸ்சுக்கு (சங்கப் பதிவு இலாகா) அனுப்ப வேண்டிய வருஷ அறிக்கையையும் நேரத்தோட அனுப்பியாச்சு. கணக்க பொருளாளர் அக்கா படிப்பாங்க.

இனி கோர்க் எம்1 கீபோர்டு விஷயம். இத கொஞ்சம் விரிவா சொல்லணும். 1988ல வந்த மாடல் அது, 61 கட்டை, மறைஞ்ச நம்ம கீபோர்டு மாஸ்டர் வச்சு வாசிச்சது. சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத்துல கல்யாணம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழான்னு அந்தக் கீபோர்டு போகாத தோட்ட டிவிஷன் கிடையாது, அவருக்கு அப்புறம் அவர் குடும்பம் சங்கத்துக்கே குடுத்துட்டாங்க. ஆடி கச்சேரிக்குப் பயிற்சி எடுக்க ஆன் பண்ணப்போ ஸ்கிரீன்ல பேட்டரி லோன்னு வந்துச்சு. கரண்ட்டுலதானே ஓடுது, பேட்டரி எதுக்குன்னு சில பேர் கேட்டாங்க. உள்ள போர்டுல சின்ன வட்ட பேட்டரி ஒண்ணு இருக்கு, சிஆர்2032, 3 வோல்ட்டு. சுவிட்ச ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் மெமரி அழியாம பாத்துக்கிறது அதுதான். அது செத்தா மாஸ்டர் உக்காந்து செஞ்ச டோன், பதிஞ்சு வச்ச பாட்டு எல்லாமே போயிடும்.

பேட்டரிய மாத்திட்டா சரியாயிடும்னு நெனைக்கிறது இன்னும் ஆபத்து, ஏன்னா பழைய பேட்டரிய கழட்டுனதுமே மெமரி காலி. நம்ம மெம்பர் ஒரு அண்ணன் தன்னோட கீபோர்ட ஒரு கடையில குடுத்தாரு, பேட்டரி புதுசா போட்டுத் தந்தாங்க, கீபோர்டு நல்லா ஓடுது, ஆனா அவர் சேத்து வச்ச ஒண்ணு கூட இல்ல. கை வைக்கிறதுக்கு முன்னாடி காப்பி எடுத்தாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், இது என்னோட கருத்து.

எம்1ல டிஸ்க் போடுற இடமே கிடையாது, அதனால லேப்டாப்புக்கு எடுக்கணும்னா மிடி (கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற முறை) வயர்லதான் எடுக்கணும். கீபோர்டோட மிடி அவுட்ல இருந்து இன்டர்பேஸ் (மிடி வயர லேப்டாப்போட சேக்கிற பெட்டி), அங்க இருந்து லேப்டாப், லேப்டாப்புல மிடி-ஆக்ஸ்னு ஒரு இலவச சாப்ட்வேர். கீபோர்டுல குளோபல் பக்கம் போயி டேட்டா டம்ப் குடுத்தா உள்ள இருக்கிறது எல்லாம் சிஸ்எக்ஸ் பைலா, அதாவது கீபோர்டு தன்னோட டேட்டாவ மிடியில அனுப்புற வடிவத்துல, வெளிய வந்துடும். மிடி ஒரு செகண்டுக்கு 31,250 பிட்டுதான் அனுப்பும், இருந்தாலும் டேட்டா அவ்வளவு சின்னதுங்கிறதால ஒரு நிமிஷம் கூட ஆகல. ஆனா மலிவு யுஎஸ்பி மிடி கேபிள் நீளமான சிஸ்எக்ஸ்ஸ பாதியில விட்டுடும், நமக்கும் மொதல்ல அப்படித்தான் பைல் குட்டையா வந்துச்சு, அப்புறம் மெம்பர் ஒருத்தர் வீட்டுல இருந்து நல்ல இன்டர்பேஸ் கொண்டு வந்தாரு. ஒரு தடவை எடுத்துட்டு நம்பக் கூடாது. ரெண்டு தடவை எடுத்து ரெண்டு பைலும் அச்சா ஒண்ணா இருக்கான்னு பாக்கணும், பைலுக்குள்ள இருக்கிற குறியீடு எஃப்0 42ன்னு தொடங்கி எஃப்7ல முடியணும், அந்த 42தான் கோர்க்கோட நம்பர்.

அதுக்கப்புறம்தான் பேட்டரி. போர்டுல காலு வச்சு ஈயம் ஊத்தி ஒட்டின பேட்டரி அது, சாதா பேட்டரி மேல நேரா சூடு வைக்கக் கூடாது, அதனால எலெக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச நம்ம தம்பி சின்ன ஹோல்டர் ஒண்ணு ஒட்டி அதுக்குள்ள பேட்டரிய போட்டாரு, இனிமே மாத்துறது சுலபம். ஆன் பண்ணா டோன் பேர் வர்ற இடத்துல அர்த்தமே இல்லாத எழுத்தா ஓடுது, மாஸ்டர் வீட்டம்மாவும் வந்திருந்தாங்க, அவங்க முகமே மாறிடுச்சு. மெமரி புரொடெக்ட (மெமரியில எழுத விடாம தடுக்கிற செட்டிங்) எடுத்துட்டு பைல திருப்பி அனுப்பினோம். ஒரு டோன் பேருக்கு பத்து எழுத்துதான் இடம், நாகஸ்வரம்னு இங்கிலீஷ்ல அடிச்சா சரியா பத்து, அது முழுசா வந்து நின்னுச்சு, உறுமி மேளத்துக்கு மட்டும் கடைசி எழுத்துக்கு இடம் பத்தாம மாஸ்டர் விட்டிருந்தாரு, அதுவும் அப்படியே வந்துச்சு. அந்த நாகஸ்வர டோன அவர் எப்படி செஞ்சிருக்காருன்னு உள்ள போயி பாத்தோம். ரெண்டு ஆசிலேட்டர (சத்தம் உண்டாக்குற பகுதி) எடுத்து ஒண்ணோட சுருதிய மயிரிழை விலக்கி வச்சிருக்காரு, பெண்ட் ரேஞ்ச (சுருதி வளையிற அளவு) கூட்டி ஜாய்ஸ்டிக்லயே கமகம் இழுக்கிற மாதிரி வச்சிருக்காரு. இத வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பாடமாவே சொல்லித் தரலாம்.

சிஸ்எக்ஸ் பைல் மட்டும் இருந்தா போதாதுங்கிறதையும் இங்க சொல்லிடுறேன். அதுல இருக்கிறது செட்டிங்தான், மூல சத்தம் கீபோர்டுக்குள்ள இருக்கிற 4 எம்பி சிப்புலதான் இருக்கு, வேற கம்பெனி கீபோர்டுல அந்தப் பைல் வேலை செய்யாது. அதனால மாஸ்டரோட பத்து பாட்டையும் ஓடவிட்டு லேப்டாப்புல மிடி பைலா (சத்தம் இல்ல, எந்தக் கட்டை எப்ப அமுக்கினதுங்கிற குறிப்பு) பதிஞ்சோம், எட்டு ட்ராக்கும் தனித்தனியா, கீபோர்டோட கிளாக்குக்கு (வேகம் காட்டுற சிக்னல்) லேப்டாப்ப ஓட வச்சாத்தான் தாளக்கட்டு கோடு சரியா விழுது. அப்புறம் அதே பாட்டையும் டோனையும் அவுட்புட் ஜாக்குல இருந்து நேரா வேவ் பைலா, அதாவது சத்தமாவே எடுத்தோம், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி. சில பேர் போன்ல ரெக்கார்டு பண்ணிக்கலாமேன்னாங்க, ஃபேன் சத்தமும் மோட்டார் சைக்கிள் சத்தமும் சேந்துதான் வரும், வேணாம்னுட்டேன்.

இப்ப ஒரு காப்பி சங்க லேப்டாப்புல, ஒண்ணு ஹார்ட் டிஸ்க்குல, ஒண்ணு மாஸ்டர் வீட்டுல. எந்த மாடல், எப்படி ஏத்துறதுன்னு ஒரு தாளும் அச்சடிச்சு கூட வச்சிருக்கோம், நாளைக்கு வேற செயலாளர் வந்தா தடுமாறக் கூடாது. சினிமாப் பாட்டு ட்ராக்கு வகுப்புக்கு மட்டும், யாரும் வெளிய விக்கக் கூடாதுன்னு பொறுப்பாளர் கூட்டத்துல முடிவாச்சு.

வீட்டுல பழைய கீபோர்டு வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு இந்த வருஷமே கொண்டு வாங்க. யமஹா பிஎஸ்ஆர்-740 மாதிரி பிளாப்பி டிஸ்க் போடுற கீபோர்டு நம்ம ஊர்ல இன்னும் இருக்கு, அந்த டிஸ்க்குங்கள சோனியே 2011 மார்ச்சோட ஜப்பான்ல விக்கிறத நிறுத்திடுச்சு. நம்ம ஊரு ஈரத்துக்கு டிஸ்க்குல பூஞ்சை பிடிக்கும், வெள்ளையா புள்ளி தெரிஞ்சா டிரைவ்ல போடாதீங்க, ஹெட்டு அழுக்காகி அடுத்து போடுற நல்ல டிஸ்க்கும் கெட்டுடும். 720 கேபி டிஸ்க்க சில யுஎஸ்பி டிரைவ் படிக்காது, அப்படி இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க, கொண்டு வாங்க பாப்போம். கீபோர்டுல ரீசெட் மட்டும் அமுக்கிடாதீங்க, உள்ள சேத்து வச்சது அழிஞ்சிடும்.

சங்கத்துக்குன்னு சொந்தமா ஒரு நல்ல மிடி இன்டர்பேஸ், ரெண்டு மிடி வயர், ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க இந்தக் கூட்டம் அனுமதி குடுக்கணும்னு கேட்டுக்கிறேன், விலைப்பட்டியல் பொருளாளர் அக்காகிட்ட இருக்கு. காப்பி எடுக்கிற வேலை ஞாயித்துக்கிழமை வகுப்பு முடிஞ்ச கையோட நடக்கும், கீபோர்டோட அடாப்டரையும் மேனுவல் இருந்தா அதையும் சேத்து எடுத்துட்டு வந்துடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்