அறைச் சூட்டையும் சேர்த்து எழுதி அனுப்பு

சுங்கை சிப்புட், பேராக்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயே பூட்டிய கம்ப்யூட்டர், விண்டோஸ் ஏறும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையில் பிராசசர் சூடு 52 டிகிரி என்று காட்டுகிறது, தம்பி இங்கே பூட்டியது 41தான் காட்டுகிறது என்று நீ கலங்கியதாக அம்மா சொன்னாள். இவ்வளவையும் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. தம்பி பார்த்தது விண்டோஸில், எந்த வேலையும் ஓடாத நேரத்தில்; நீ பார்த்தது பயாஸில். பயாஸ் திரை திறந்திருக்கும்போது பிராசசர் பெரும்பாலும் மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும் உறக்க நிலைக்கு இறங்குவதில்லை. அதனால் சும்மா இருந்தாலும் சூடு கூடுதலாகவே காட்டும். அதோடு, அவனுடைய பிராசசர் இன்டெல் ஐ5-12400, உன்னுடையது ரைசன் 5 7600. முன்னதன் உச்சச் சூட்டு வரம்பு 100 டிகிரி, பின்னதன் வரம்பு 95.

உன் தாத்தா தோட்டத்துப் புகைவீட்டில் ரப்பர் ஷீட் காய வைக்கும் வேலையில் இருந்தார். 40 டிகிரியில் தொடங்கி, நாளுக்கு நாள் மெல்ல ஏற்றி, 60ஐத் தாண்டாமல் காக்க வேண்டும். தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் கிளம்பிவிடும். கதவோரத் தெர்மாமீட்டரை நம்பி அவர் விறகு தள்ளியதே இல்லை. ஷீட் தொங்கும் கழிகளுக்கு நடுவே இன்னொன்றைக் கட்டி வைத்து, அதைப் பார்த்த பிறகே அடுப்புப் பக்கம் போவார். உன் பெட்டிக்குள்ளும் அப்படித்தான் இரண்டு இடத்துக் கணக்கு இருக்கிறது. மதர்போர்டின் சென்சார் கதவோரத் தெர்மாமீட்டரைப் போன்றது. பிராசசரின் சில்லுக்குள்ளேயே இருக்கும் சென்சார்தான் நமக்கு வேண்டியது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற சூடு காட்டும் மென்பொருளில் 'டிசிடிஎல்/டிடை' (Tctl/Tdie) என்ற வரியைத் தேடிப் பார்; அந்தச் சென்சாரின் எண் அதுதான். அந்த வரியிலும் ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது: 2017இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் டிசிடிஎல் உண்மைச் சூட்டைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டும்படியே அமைத்திருந்தார்கள். உன்னுடையதற்கு அந்தக் கவலை இல்லை.

இனி அளக்கும் முறை. காற்று உள்ளே போகும் பக்கத்தில் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை வைத்து அறைச் சூட்டைக் குறித்துக்கொள். விசிறியால் எவ்வளவு ஊதினாலும் பிராசசர் அறைச் சூட்டுக்குக் கீழே இறங்காது. எனவே அறை எண் இல்லாத பிராசசர் எண்ணை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது. பெட்டியின் பக்கக் கண்ணாடியை மூடி, சூடு காட்டும் மென்பொருள்களில் ஒன்றை மட்டும் திறந்து வை. இரண்டு மூன்று ஒரே சென்சாரைத் தட்டினால் சில நேரம் இல்லாத எண் வரும். கால் மணி நேரம் சும்மா விட்டுச் சராசரியைக் குறி. இடையிடையே பத்து டிகிரி துள்ளி இறங்கினால் பயப்படாதே, ரைசனின் இயல்பு அது. அடுத்து, பிராசசரை முழு வேலை வாங்கும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை எல்லாக் கோர்களிலும் தொடர்ந்து ஓட விட்டு, எண் ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கும் வரை, அரை மணி நேரமானாலும் காத்திரு. அப்போதைய சூடு, மின்சாரம், வேகம் மூன்றும் வேண்டும். 7600க்கு மின் வரம்பு 88 வாட். சூடு 95இல் ஒட்டிக்கொண்டு, அந்த 88ஐ எட்டாமலே வேகமும் சரிந்தால், பிராசசர் மேல் பூட்டும் கூலர் சரியாக உட்காரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தம்பியின் கதையை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். முதல் நாள் சும்மா இருக்கும்போது 45 காட்டியதும் எல்லாம் சரி என்றான். சினிபெஞ்ச் ஓட விட்டதும் ஒரு நிமிடத்தில் 100ஐத் தொட்டது. கூலரைக் கழற்றிப் பார்த்தேன்: பிராசசரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மூன்று மூலையில் காகிதம் போல மெலிந்து பரவியிருந்தது, நான்காவது மூலையில் மட்டும் அழுந்தாமல், பூசிய கோடுகள் அப்படியே நின்றன. அந்தப் பக்கத்தில் கூலரின் கால் 'டக்' என்று விழவே இல்லை. ஆல்கஹாலில் துடைத்து, புதிதாகப் பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலையாக அழுத்திப் பூட்டிய பிறகு, 32 டிகிரி அறையில் 79இல் நின்றது. சும்மா இருக்கும்போது 45க்கும் 41க்கும் உள்ள வித்தியாசத்தை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த 79ஐ உன் எண்ணோடு ஒப்பிடாதே. உன் அறை 19 என்றால், அதே 79 என்பது அறையிலிருந்து 60 டிகிரி ஏற்றம், இவனுடையது 47தான். பிராசசரும் கூலரும் வேறு. இன்று எடுக்கும் எண்களைத் தேதியோடு எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து அதே அறைச் சூட்டில் எடுக்கும் எண்களோடு மட்டும் ஒப்பிடு.

கூலரை நீ இன்னும் கழற்ற வேண்டாம். அறைச் சூடு, சும்மா இருக்கும்போது சராசரி, முழு வேலையில் நின்ற சூடு, வாட், வேகம் ஆகிய ஐந்தையும் அனுப்பு; ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
அப்பா