சூப்பர்வைசர் வேலை வேண்டாம், அண்ணே

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? போன மாதம் அனுப்பிய பணம் கைக்கு வந்திருக்கும்.

சூப்பர்வைசர் வேலையை ஏன் வேண்டாம் என்றாய் என்று போனில் கோபமாகக் கேட்டீர்கள். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், வாய் திறக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனையின் குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவித்துவிட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், தரம் போய்விடும். பழம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் எங்கள் ஆலையில் மற்ற எல்லாமே மீட்டிங்குக்குக் காத்திருக்கிறது. செலவுக் கமிட்டி, துப்புரவுக் கமிட்டி, மின்சாரச் சிக்கனக் கமிட்டி. உட்காருகிறவர்கள் அதே ஆட்கள்தான், கமிட்டியின் பெயர்தான் வேறு.

பழத்தைக் கூழாக்கும் டைஜஸ்டரில் ஷாஃப்ட் பேரிங்கின் சத்தம் மாறியிருந்தது. நம் பட்டறையில் நீங்கள் பழக்கிக் கொடுத்தபடி, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹவுசிங்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு. புது பேரிங் ஸ்டோரிலேயே இருந்தது. அன்றிரவு மெஷினை நிறுத்திக் கொடுத்திருந்தால் காலைக்குள் மாற்றியிருப்பேன். "செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் சொல்" என்றார்கள். சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை, எழுதியதை வாசித்தார்கள். யார் செய்வது, என்றைக்குச் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் பேரிங் நொறுங்கி ஷாஃப்ட்டையும் கீறிவிட்டது. பழ லாரிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றன. அன்றைக்கு மீட்டிங் போட யாரும் வரவில்லை. நானும் வங்காளதேசத்துத் தம்பி ஒருவனும் செயின் பிளாக் கட்டி இறக்கி, ஷாஃப்ட்டைத் தேய்த்துச் சரிபண்ணி, விடிவதற்குள் ஓட்டிவிட்டோம். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. அத்தனை பழம் வீணானதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நாலு பேர் கூடிப் பேசுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும் என்று இங்கே 1994ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. கொதி நீராவிப் பக்கத்தில் நிற்கிறவன் நான், அந்தக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போவேன். இந்த ஊரில் பிறந்தவர்தான் இங்கே மந்திரியாக இருந்த துன் சம்பந்தன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, நம் சனங்கள் நடுத்தெருவில் நின்ற காலம். 1960இல் அவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தொழிலாளர்களிடம் இந்த ஊர்ப் பணத்தில் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். நான் குடியிருக்கும் வீட்டுக்காரத் தாத்தாவும் அதில் பங்கு கட்டியவர். அவர்கள் கூடினார்கள், வாங்கி முடித்தார்கள்.

தோட்டத்தில் இன்றும் விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு உண்டு. மண்டோர், அதாவது கங்காணி, பேர் கூப்பிட்டு, உனக்கு இந்த நிரை, அவனுக்கு அந்த நிரை என்று பிரித்துவிடுவார். வெளிச்சம் வருவதற்குள் ஆள் காட்டுக்குள் இருப்பான். குலை விட்டுப்போனால் யார் நிரை என்று ஊருக்கே தெரியும். எனக்கு அப்படித்தான் வேலை வேண்டும், அண்ணே.

சூப்பர்வைசர் ஆனால் ஸ்பேனரைத் தொட முடியாது, வாரத்தில் பாதி அந்த மீட்டிங் மேசையில் போய்விடும். சம்பளம் கூட வரும் என்பதும், தங்கச்சி கல்யாணச் செலவு முன்னால் நிற்பதும் தெரியும். அந்தப் பணத்தை ஓவர்டைமில் ஈடுகட்டுகிறேன், ஒரு மாதமும் குறையாது. மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன்: எண்ணெய் பிழியும் பிரஸ், டைஜஸ்டர் இரண்டையும் என் பேரில் விட்டுவிடுங்கள், பேரிங் மாற்ற என் கையெழுத்து போதும், கெட்டுப்போனால் என்னையே கேளுங்கள் என்று. மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அம்மாவிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கீறல் விழுந்த அந்த ஷாஃப்ட் ரொம்ப நாள் தாங்காது. கரும்பு ஆலை ஷாஃப்ட்டுக்கு நீங்கள் ஸ்லீவ் போட்டுக் கடைந்தீர்களே, எவ்வளவு இறுக்கம் வைத்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி