மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்: சாலையையும் விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 215ஆவது பிரிவின்கீழ் இயங்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். ஒன்றிய அரசு சட்டம் இயற்றுகிறது, மாநில அரசு விதி வகுக்கிறது. என்றாலும் காவல்துறையையும் நெடுஞ்சாலைத்துறையையும் போக்குவரத்துத்துறையையும் உள்ளாட்சி அமைப்புகளையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்துப் பதில் கேட்கக்கூடியவர் மாவட்டத்தில் நீங்கள்தான்.

ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். இவற்றுள் பெரும்பாலானவற்றின் முதல் தகவல் அறிக்கையில் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்ற தொடர் இருக்கும். பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் அந்தத் தொடரோடு விசாரணை முடிந்துவிடுவதால், விபத்து நடந்த சாலை எப்படி இருந்தது என்று கேட்க ஆளில்லாமல் போகிறது.

நான் பணிபுரியும் பள்ளி நாற்கரச் சாலையின் ஓரத்தில் உள்ளது. எதிர்ப்புறம் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகள் நடுத்தடுப்பின் இடைவெளி வழியாகத்தான் இப்பக்கம் வர வேண்டும். அந்த இடைவெளியின் இருபுறமும் அரளிச் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அரளியைத் தாண்டிக் காலை வெளியே வைக்கும் வரை, வரும் காரின் ஓட்டுநருக்கு அங்கே ஆள் நிற்பதே தெரியாது. சர்வீஸ் சாலையும் பள்ளிக்குச் சற்று முன்னால் எந்த அறிவிப்பும் இன்றி முடிந்துவிடுவதால், இருசக்கர வாகனங்கள் எதிர்த்திசையில் ஏறி வருகின்றன. நாளை அங்கே ஓர் உயிர் போனால் ஓட்டுநர்மீது வழக்குப் பதிவாகும். செடியை வெட்ட வேண்டியவர் யார், சர்வீஸ் சாலையை நிறைவு செய்ய வேண்டியவர் யார் என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது.

சட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரங்களைக் கடைப்பிடிக்கத் தவறியதால் இறப்போ உடல் ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. ஓர் உயிருக்கு அது மிகச் சிறிய தொகை என்பதே என் கருத்து. ஆயினும், சாலையின் குறை முறையாகப் பதிவானால்தான் அந்தப் பிரிவுக்கே வேலை வரும்.

விபத்துப் பகுதி என்று ஓர் இடத்தை அறிவிக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உள்ளது. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் ஐந்து பெரும் விபத்துகளோ பத்து இறப்புகளோ நடந்திருந்தால்தான் நெடுஞ்சாலையில் ஓர் இடம் அந்தப் பட்டியலில் சேரும். ஆட்கள் இறந்த பிறகே ஓரிடம் கவனம் பெறுகிறது என்பது ஒரு குறை. ஊருக்குள், ஒரு கிலோமீட்டருக்கு ஒருவராகச் சிதறி இறப்பவர்கள் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. 2022இல் நாட்டில் நடந்த விபத்துகளில் ஏறக்குறைய 44 விழுக்காடு, தேசிய நெடுஞ்சாலையோ மாநில நெடுஞ்சாலையோ அல்லாத பிற சாலைகளில் நடந்தவை. அவ்வாண்டு நடந்து சென்றவர்களில் மட்டும் 32,800க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்தச் சாலைகள் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் பேசியது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடந்து செல்வோருக்கான விதிகளையும், தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பு, பராமரிப்புத் தரங்களையும் 138(1ஏ), 210டி பிரிவுகளின்கீழ் ஆறு மாதங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு அது உத்தரவிட்டது. அத்தகைய விதிகள் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், பேரூராட்சியின் இளநிலைப் பொறியாளர் வரை அவை போய்ச் சேராவிட்டால் பயனில்லை.

தமிழ்நாட்டால் இது முடியும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை நாம் 2021 டிசம்பரிலேயே தொடங்கினோம். நாடு தழுவிய கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025இல்தான் வந்தது. அடிபட்ட பின் காட்டிய அந்த முனைப்பை அடிபடும் முன்பும் காட்டுங்கள் என்று கேட்கிறேன்.

உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வோர் இடத்தையும், அது எந்தச் சாலையாக இருந்தாலும், ஒரு வாரத்துக்குள் காவல்துறையும் அச்சாலைக்குப் பொறுப்பான பொறியாளரும் ஊராட்சி அல்லது வார்டு பிரதிநிதியும் சேர்ந்து பார்வையிட வேண்டும். விளக்கு, நடைபாதை, வேகத்தடை, பார்வையை மறைக்கும் பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துப் பொறியாளர் கையொப்பமிட வேண்டும். குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை, எந்தப் பணி எந்தத் துறையிடம் எத்தனை நாளாக நிலுவையில் உள்ளது என்ற விவரத்துடன், மாவட்ட இணையதளத்தில் தமிழில் வெளியிடுங்கள். பள்ளிகளின் முன்பு மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பை அறிவிப்பதோடு நிறுத்தாமல், அந்த வேகத்தை மீற முடியாதபடி சாலையையே அமைக்கச் செய்யுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமும் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள்நிரலிலேயே இவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுஞ்சாலையோர அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்